வெட்டுக்கு வந்த கறுப்பு கார்

கடையில் இரும்பு வெட்டுகிற ஏழுமலை கேஸைப் பற்ற வைத்துவிட்டான். ‘டப்’பென்று ஒரு சத்தம், பிறகு சீறல். மஞ்சளாக ஆடிய தீ சுருங்கி நீல ஊசி மாதிரி நின்றது. அவன் கறுப்புக் கண்ணாடியை மூக்குமேல் இறக்கிக்கொண்டு அந்தக் காரின் பக்கத்தில் குந்தினான்.

கார் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடந்தது. கறுப்புக் கார். விடிகாலைப் பனி அதன்மேல் முத்து முத்தாக நின்றது. ஏழுமலையின் நீலத் தீ ஒவ்வொரு முத்திலும் தெரிந்தது.

“நிறுத்துடா!” என்றேன்.

“இன்னாக்கா? பாய் வெட்டச் சொல்ட்டாரு.”

“பாய் சொன்னா வெட்டிடுவியா? கடைல பாதி என்துடா. அவ்ளோ ஆசையா இருந்தா பாயோட பாதிய மட்டும் வெட்டு.”

ஏழுமலை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தான். வெட்டுவதில் அவன் ரொம்ப ஒழுங்கு. “இதுல பாயோட பாதி எதுக்கா? முன்னாடியா, பின்னாடியா?”

“அத அவரு வந்து சொல்லட்டும். அணைச்சிட்டுப் போய் டீ குடி.”

அவன் டீ குடித்துவிட்டு வருவதற்குள், அந்தக் கார் எனக்கு யார் என்று சொல்லிவிடுகிறேன்.

இரும்புக்காரி

போன வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்காமல் விட்டவர்களுக்காக இரண்டு வரி. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில் எனக்குப் பழைய இரும்புக் கடை இருக்கிறது. படிப்பு இரண்டாம் வகுப்பு, இதைக்கூட நான் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதுகிறார். ஆனால் ஒரு மெஷினை ஒரு தரம் சுற்றி வந்தால் இரும்பு எவ்வளவு, பித்தளை எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். பத்து கிலோ முன்னே பின்னே இருக்கும். அதற்குமேல் தப்பாது.

கடையில் பாதி காதர் பாயுடையது. பழவேற்காட்டுக்காரர். அவர் வீட்டில் எல்லோரும் கருவாடு, வலை என்று கடல் வியாபாரம். இவர் ஒருவர்தான் இரும்புப் பக்கம் ஒதுங்கினவர். என் வீட்டுக்காரர் இறந்தபோது, ‘பொம்பள எங்க இரும்புக் கடை நடத்தப் போவுது’ என்று பஜாரே பேசிக்கொண்டிருந்தது. இவர் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து தராசுத் தட்டில் வைத்தார். “கூட்டு சேர்ந்துக்கலாம் அக்கா” என்றார். அவ்வளவுதான் பேச்சு. என்னைவிட நாலைந்து வயது சின்னவர். உடம்பு மட்டும் என்னைப்போல இரண்டு ஆள்.

எங்கள் தொழிலில் ஒரு கம்பெனியை மூடினால் உள்ளே இருப்பதை மொத்தமாக ஏலம் விடுவார்கள். எது ஓடும், எது ஓடாது என்று யாரும் பார்ப்பதில்லை. எல்லாம் கிலோதான். அப்படி ஒரு வால்வு கம்பெனி எங்களுக்கு வந்தது. இரண்டு பிரஸ், ஒரு பெரிய கம்ப்ரஸர், ரேக்குகள், கடைசியில் முதலாளியின் கார்.

ஜெர்மனியில் செய்தது என்றார்கள். செய்தவன் பேரைச் சொல்லமாட்டேன். இனிமேல் அவனைக் கொஞ்சம் திட்டப்போகிறேன், அதனால். ஷெட்டிலேயே இரண்டு வருஷம் நின்றிருக்கிறது. நாலு டயரும் செத்துப் போயிருந்தன. பின்சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. பேப்பர் எல்லாம் மட்டும் பக்காவாக இருந்தது.

நான் ஒரு சுற்று சுற்றினேன். “ரெண்டு டன்னுக்குக் கொஞ்சம் கம்மி பாய். அலுமினியம் நெறைய. நல்ல சரக்கு” என்றேன். அந்தக் காரைப் பற்றி என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

முதல் நாள் செய்த வேலை

எங்கள் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கார் வந்தாலும் அன்றைக்கே அடியில் படுத்து, சைலன்சருக்கு முன்னால் இருக்கும் ஒரு டப்பாவை அறுத்து எடுத்துவிடுவோம். என்ஜின் புகையைச் சுத்தம் பண்ணுகிற டப்பா. உள்ளே ஓட்டை ஓட்டையாகக் கல் இருக்கும். அதனால் தேன்கூடு என்போம். அந்தக் கல்லில் தங்கத்தோடு போட்டி போடுகிற விலையில் ஏதோ பூசியிருக்கிறதாம். இதை மட்டுமே வாங்குகிறவர் ஒருவர் மாதவரத்திலிருந்து வருவார். கடையில் வைத்தால் திருட்டுப் போகும். அதனால் ஒரு ராத்திரிகூட வைக்கமாட்டோம்.

சின்னக் காரில் தேன்கூடு ஒன்று இருக்கும். இதில் இரண்டு. அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம். ஏழுமலைக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைத் துடைக்கவில்லை, பூனைக்குட்டிகளை இறக்கவில்லை. அதற்கு முன்னால் அதன் மூச்சுக்குழாயை அறுத்து விற்றாகிவிட்டது.

கதவுக்குள்ளே

மூன்றாம் நாள் செம்புக் கம்பிக்காகக் கதவைப் பிரித்தேன்.

நான் எத்தனையோ வண்டிகளின் கதவைப் பிரித்தவள். வெளியே பவுடர் போட்ட முகம் மாதிரி இருக்கும். உள்ளே துருவும் பிசிறும் தாறுமாறாகத் தொங்குகிற ஒயரும்தான். யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே மூடிவிடுவார்கள்.

இதைப் பிரித்தால், உள்ளேயும் வேலை செய்திருக்கிறான். ஒவ்வொரு ஒயருக்கும் துணி மாதிரி ஒரு நாடா சுற்றியிருக்கிறது, ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடக்கூடாது என்று. தகடு மடிகிற இடத்தில் விரலை ஓட்டினேன். கீறவில்லை. ஒவ்வொரு போல்ட் தலையிலும் பெயிண்டில் சின்னக் கோடு. முடுக்கினவன், ‘நான் முடுக்கிட்டேன்’ என்று சொல்லி வைத்த கோடு. கண்ணாடி ஒன்றல்ல, இரண்டைச் சேர்த்து ஒட்டியது. யாருமே திறந்து பார்க்காத ஒரு இடத்தில், எங்கோ ஒரு ஊரில், எவனோ ஒருவன் மனசாரக் கை வைத்திருக்கிறான்.

கதவை மூடினேன். ‘தொப்’ என்று, மெத்தையில் தலையணை விழுந்த மாதிரி ஒரு சத்தம். திறந்தேன். மூடினேன். எத்தனை தரம் என்று தெரியாது. ஏழுமலை எட்டிப் பார்த்து, “இன்னாக்கா, கதவு மாட்டிக்கிச்சா?” என்றான்.

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வெளியே எளாவூர் செக்போஸ்டுக்குப் போகிற லாரிகள் வரிசையாக ஹார்ன் அடிக்கின்றன. உள்ளே அது அடுத்த தெருவில் யாரோ இருமுவதுபோலக் கேட்டது. முப்பது வருஷமாக அந்த ரோட்டில் இருக்கிறேன். அன்றைக்குத்தான் நான் மூச்சுவிடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

கம்பியை உருவாமல் கதவைத் திரும்ப மாட்டினேன்.

டில்லிபாபு

தச்சூர் கூட்டுரோட்டில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் டில்லிபாபுவைக் கூப்பிட்டேன். அவன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கழற்றினான்.

“அம்மா, எட்டு சிலிண்டரு. ரெண்டு டர்போ. ஓடினா நம்மூர் ரோடு பத்தாதும்மா.”

“ஓடுமா?”

“ஓடும். ஆனா டப்பு கேக்கும். கேட்டுக்கினே இருக்கும்.”

அவன் பொய் சொல்லவில்லை. முதலில் பேட்டரி. ஆட்டுக்குட்டி கனம் இருக்கும். புதிதாகப் போட்டால் மட்டும் போதாதாம், போட்டதைக் கம்ப்யூட்டரில் காருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமாம். எடுத்துச் சொல்ல ஒரு கூலி. என்ஜின் ஆயில் ஒன்பது லிட்டர் குடித்தது. இதன் ஒரு டயர் விலையில் எங்கள் குட்டியானை வண்டிக்கு நாலு டயரும் போட்டு, பெயிண்டும் அடித்துவிடலாம். நாலும் புதுசு வாங்க முடியாமல் நாலும் பழசு வாங்கினேன்.

அப்புறம் தண்ணீர் பைப். என்ஜின் சூட்டைத் தணிக்கிற தண்ணீர் போகிற பைப்பை அந்தப் பெரிய மூளைக்காரன் பிளாஸ்டிக்கில் செய்திருக்கிறான்! தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. அந்த நாலு விரல் நீளப் பைப்பை மாற்ற, மேலே இருக்கிற பாதி என்ஜினை இறக்கி வைக்க வேண்டும். டில்லிபாபு மூன்று நாள் அதற்குள் தலையை விட்டபடி இருந்தான். அந்த மூன்று நாளும் அவனுக்கு நாஷ்டா என் செலவு. அதுவும் கார் கணக்குதான்.

இவ்வளவும் முடித்து சாவியைத் திருப்பினால், யப்பா! கடலுக்குப் போகிற கப்பல் கடைக்குள் வந்துவிட்ட மாதிரி ஒரு உறுமல். எதிர் டீக்கடையில் கண்ணாடி டம்ளர்கள் ஆடின. நாய்கள் ஆரம்பாக்கம் பக்கம் ஓடியே போய்விட்டன.

“தேன்கூடு எங்கம்மா?” என்று கத்தினான் டில்லிபாபு.

நான் என்ஜினை அணைத்தேன்.

“அது இல்லாம புகை சர்ட்டிபிகேட் தரமாட்டாங்க. சர்ட்டிபிகேட் இல்லாம பேரு மாத்த முடியாது. யாருமா அத அறுத்தது? அவன் கைய ஒடைக்கணும்.”

ஏழுமலை என் கையைப் பார்த்தான். நான் அவனை முறைத்தேன்.

மாதவரத்துக்குப் போனேன். வாங்கினவர் கோடவுனில் ஒரு மலையே கிடந்தது. எங்கள் கடைச் சரக்கில் மஞ்சள் பெயிண்டில் ஒரு இழுப்பு இழுத்திருப்போம். அதை வைத்துத் தேடினேன். ஒன்று கிடைத்தது. இன்னொன்றை அதற்குள் உடைத்துவிட்டார்கள். எனக்குக் கொடுத்த விலையைப்போல மூன்று மடங்கு கேட்டார். நானும் வியாபாரிதான், எந்த வாயால் திட்டுவேன்? கேட்டதைக் கொடுத்தேன். இன்னொன்றுக்கு வேறு காருடையதை வாங்கி ஒட்டவைத்தோம். அந்தக் காரில் நான் செய்த செலவிலேயே பெரிய செலவு, நானே அறுத்ததைத் திரும்ப வாங்கினதுதான்.

ஆனால் மாட்டின பிறகு ஓட்டிப் பார்த்தேனே, அதைச் சொல்லவேண்டும். எனக்கு லைசன்ஸ் உண்டு. குட்டியானையை நான்தான் ஓட்டுவேன். அதில் கியர் போடும்போது தோள்பட்டை கழன்று வரும். இதில் காலைச் சும்மா வைத்தேன். முதுகில் யாரோ ஒரு பெரிய கையை வைத்துப் பணிவாகத் தள்ளின மாதிரி இருந்தது. அதட்டவில்லை, குலுக்கவில்லை. ‘எவ்வளவு வேணும் சொல்லு’ என்று கேட்டு நிற்கிற பலம். அப்படிப் பலம் இருந்தும் சத்தம் போடாத ஆளை நான் வாழ்க்கையில் அதிகம் பார்த்ததில்லை.

பாயின் கணக்கு

இப்போது ஏழுமலை டீ குடித்துவிட்டு வந்துவிட்டான். பின்னாலேயே காதர் பாயும் வந்துவிட்டார்.

பாய் மேல் தப்பு சொல்ல முடியாது. அவர் மகள் ஷமீமாவுக்கு நிக்காஹ் வைத்திருந்தது. அந்த ஏலத்தில் போட்ட அவருடைய பாதியை எடுத்தால்தான் முடியும். என்ஜினையும் கியர் பெட்டியையும் தனியாக வாங்க மெட்ராஸில் ஆள் பார்த்துவிட்டார். மிச்சத்தை வெட்டி எடைக்குப் போட்டால் கணக்கு நேராகிவிடும். காரோ அன்றைக்குக் காலையில் மறுபடி தரையில் உட்கார்ந்திருந்தது.

அது என்னவென்று சொல்கிறேன். இந்தக் காருக்குப் பட்டை வில், சுருள் வில் எதுவும் கிடையாது. நாலு சக்கரத்துக்கும் நாலு ரப்பர் பை. அதற்குள் காற்று. அந்தக் காற்றின் மேல்தான் கார் மிதக்கிறது. அதனால்தான் பள்ளத்தில் விட்டாலும் இடுப்பு வலிப்பதில்லை. பை பழசானால் காற்று இறங்கி, காலையில் எருமை மாதிரி படுத்துவிடும். “நாலையும் மாத்தணும்மா” என்றான் டில்லிபாபு. முன்னால் இரண்டுதான் மாற்ற முடிந்தது, பின்னால் இரண்டும் பழசுதான்.

“அக்கா, பாத்தியா? உக்காந்துகினு கீது. இத வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற?” என்றார் பாய்.

“ஸ்டார்ட் பண்ணா எந்திரிச்சிடும் பாய். ஷமீமா நிக்காஹ்க்கு முன்னாடி என் ஏலச்சீட்டு முடியுது. உன் பாதிய முழுசாக் குடுத்துடறேன். காரு எனக்கு.”

“சீட்டுப் பணத்தயா? அது நீ ஊட்டுக்கு மேல்தளம் போடச் சேத்ததாச்சே!”

“மழை உள்ள வந்தா கார்ல போய் படுத்துக்கறேன்.”

பாய் சிரிக்கவில்லை. “வெளையாடாத அக்கா. ஓடாத வண்டிக்கு உன் சீட்டுப் பணத்த வாங்கினா, அந்தக் காசுல என் பொண்ணுக்கு நான் சோறு போடுவனா? எனக்கு அந்தப் பேஜாரு வாணாம்.”

தாடியைத் தடவினார். பிறகு சொன்னார். “ஒண்ணு பண்ணலாம். வெள்ளிக்கெழம பேரு மாத்தறதுக்குத் திருவள்ளூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போறியே, நானும் வரேன். போய்ட்டு வர்ற வரைக்கும் வண்டி எங்கயும் நிக்காம ஓடிச்சின்னா சீட்டுப் பணத்த வாங்கிக்கறேன், வண்டி உனக்கு. நடு ரோட்ல நின்னுச்சின்னா ஏழுமலைக்கு. சம்மதமா?”

“சம்மதம்.”

“அல்லா பேர்ல சொல்றேன், நின்னா வெட்டிடுவேன்.”

ஏழுமலை மட்டும் கேஸ் வாங்கி வைக்கட்டுமா என்று கேட்டான். வாங்கி வை என்றார் பாய்.

திருவள்ளூர் ரோடு

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டார்ட் செய்தேன். கார் பெருமூச்சு விட்டுக்கொண்டு நாலு காலில் எழுந்தது. பாய் வெள்ளை வேட்டி, அத்தர் வாசனையோடு பின்சீட்டில் முதலாளி மாதிரி ஏறினார்.

“முன்னாடி வா பாய்.”

“வாணாம். இங்கதான் காத்து வருது.” சீட்டுக்குள்ளிருந்தே குளிர்காற்று வரும். அந்த பட்டனைக் காட்டிக் கொடுத்தது நான்தான்.

புதுவாயலில் திரும்பி, ஆரணி, பெரியபாளையம், வெங்கல் என்று போனோம். நெல் வயல்களுக்கு நடுவில் கார் வழுக்கிக்கொண்டு போனது. வெங்கல் தாண்டிப் பார்த்தால் பாய் தூங்கிவிட்டிருந்தார். கூட்டு சேர்ந்த நாளிலிருந்து அவரும் நானும் எவ்வளவோ லாரியில் போயிருக்கிறோம். அவர் வண்டியில் தூங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திருவள்ளூரில் காரைப் பார்க்க வந்த அதிகாரி, ஓனர் எங்கே என்று பாயைத் தேடினார். நான் கையெழுத்துப் போட்டேன். நிறுத்தி, நாலு எழுத்தும் பிசகாமல் போட்டேன்.

திரும்பி வரும்போது பெரியபாளையம் தாண்டினதும் மீட்டரில் மஞ்சள் விளக்கு வந்தது. கார் படம், அதன் கீழே அம்புக்குறி. எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாவிட்டாலும் அம்பு தெரியும். ரப்பர் பைகளுக்குக் காற்று அடிக்கிற மோட்டார் நின்றுவிட்டது. கண்ணாடியில் பின்னால் வருகிற ரோடு மெல்ல மேலே ஏறினது. ரோடு ஏறவில்லை, நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம்.

பாய் விழித்துக்கொண்டார். “அக்கா, இன்னாது, நான் கீழ போறேன்?”

“பின்னாடி காத்து போய்டுச்சி பாய்.”

“வண்டி நின்னுடுமா?”

“என்ஜின் நல்லா கீது. நிக்காது. ஆனா...”

எதிரே ஸ்பீட் பிரேக்கர். அந்த ரோட்டில் ஊருக்கு ஊர் போட்டிருக்கிறார்கள், மாட்டு முதுகு உயரத்துக்கு. இவ்வளவு தாழ்வாக, பின்னால் இவ்வளவு கனத்தோடு ஏறினால் வயிறு கிழியும். பைப், ஆயில் டப்பா, நான் மூன்று மடங்கு கொடுத்து வாங்கின தேன்கூடு எல்லாம் ரோட்டில் கிடக்கும். நிறுத்தி அவரை இறக்கினால், அவர் அல்லா பேரில் சொன்ன பேச்சுப்படி கார் ஏழுமலைக்கு. பிரேக்கில் காலை வைத்தேன். ஏறட்டுமா, நிறுத்தட்டுமா என்று தெரியவில்லை.

“நிறுத்தாத!” என்றார் பாய்.

“கிழிஞ்சிடும் பாய்.”

“நிறுத்தாதன்னு சொல்றேன் இல்ல? மெதுவா உட்டுக்கினே போ.”

பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. டவுன் பஸ்ஸில் இறங்குகிறவர்கள் மாதிரி ஒரு காலைத் தரையில் போட்டு, வேட்டியை ஒரு கையில் பிடித்து, அந்த ஆள் ஓடுகிற காரிலிருந்து இறங்கினார். இரண்டு எட்டு தடுமாறினார். கார் பின்னால் கொஞ்சம் நிமிர்ந்தது. நான் ஊர்ந்து ஏறி, ஊர்ந்து இறங்கினேன். ஒரு உரசல்கூட இல்லை. அவர் மூச்சு வாங்க ஓடிவந்து திறந்த கதவைப் பிடித்து ஏறிக்கொண்டார்.

“போ அக்கா, போ. அடுத்தது எங்க?”

ஆரணி வரைக்கும் ஏழு. அதற்கப்புறம் நாலு. ஒவ்வொன்றுக்கும் இறங்கினார், ஓடினார், ஏறினார். ஐந்தாவதில் ஒரு செருப்பு போய்விட்டது. திரும்பி எடுக்க நேரமில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்ற பெண்கள், “இன்னா பாய், கார்ல ஏத்த மாட்டேங்குறாங்களா?” என்று கேட்டார்கள். “ஓனரம்மா ரொம்ப மோசம்மா!” என்று ஓடிக்கொண்டே சொன்னார். எனக்குக் கண் மறைத்தது. துடைக்கக் கை எடுத்தால் கார் எங்கே போகுமோ என்று துடைக்காமலே ஓட்டினேன்.

கடைக்கு வரும்போது பின்பக்கம் முழுசாகப் படுத்துவிட்டது. ஏழுமலை சிலிண்டரைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றான். காரைப் பார்த்தான், பாயைப் பார்த்தான். வேட்டியெல்லாம் சேறு, ஒரு காலில் செருப்பு, மூச்சு இன்னும் நேராகவில்லை.

“பாய், நடுவுல நின்னுடுச்சா?”

“எங்கடா நின்னுது? ஒரு எடத்துல நிக்கல.” பாய் தாடியைத் துடைத்துக்கொண்டார். “நான்தான் அப்பப்ப எறங்கிப் பாத்தேன், ரோடு எப்படி கீதுன்னு. நீ போய் அந்தப் பெரிய கம்ப்ரஸர வெட்டு.”

ஏழுமலை போனான். நான் காரை அணைக்கச் சாவியில் கை வைத்தேன். பாய் பின்கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினார்.

“அக்கா, காத்த மட்டும் நிறுத்தாத” என்றார். “ஒரு பத்து நிமிஷம்.”